இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாத பித்தளைப் பொங்கல் பானை

பித்தளைப் பானை இண்டக்‌ஷன் அடுப்பில் நேரடியாகச் சூடேறாது. ஆகவே மியூனிக் வீட்டில் நண்பர்களுக்காக நீங்கள் வைக்கவிருக்கும் பொங்கலை, அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பானையை மஞ்சள் கொத்துக் கட்டிக் கோலத்தின் நடுவே வையுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பானை சூடேறவில்லை, அடுப்பு பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இராது. இவ்வகை அடுப்பு, மாறும் காந்தப்புலத்தின் மூலம் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது; காந்தத்தால் ஈர்க்கப்படாத பித்தளையை அது பாத்திரமாகவே கணக்கில் கொள்வதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தைப் பானையின் அடியில் வைத்துப் பாருங்கள்; ஒட்டாமல் விழுந்தால் காரணம் அதுவே.

அடுப்புக்கும் பானைக்கும் இடையே வைக்கும் இரும்புத் தட்டு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சூடு மெதுவாகவே ஏறும். தவிர, உள்ளே வெள்ளீயம் பூசிய பானையை வெறுமையாகக் காயவிட்டால், 232 டிகிரி செல்சியஸில் பூச்சு உருகிவிடும்.

பாலை, வெல்லம் சேர்ப்பதற்கு முன்பே, வாய் குறுகிய பாத்திரத்தில் பொங்கவிடுங்கள். வழியும் பால் தொடு பொத்தான்களின் மேல் பட்டால் பல அடுப்புகள் தாமே அணைந்துவிடும் என்பதால், கிழக்கே வழிய வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் தொலைபேசியில் வலியுறுத்தினாலும், பொத்தான்களுக்கு எட்டாத பின்வரிசை வளையத்தையே பயன்படுத்துங்கள். அரிசி நன்றாகக் குழைந்த பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு வெல்லப்பாகைச் சேர்த்தால் பால் திரியும் வாய்ப்புக் குறைவு.

முகாம்களுக்கான சிறு கேஸ் அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும்.