எட்டு வாரம் சமர்த்து, ஒன்பதாவது வாரம் சோபா

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண் குட்டிக்கு 9 மாதம். வீட்டுக்குள் சிறுநீர் கழித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இருக்கும்போது எதையும் தொடாது. வெளியே போகும்போது மட்டும் கூண்டில் விட்டுப் போவோம். இவ்வளவு சமர்த்தாக இருக்கிறதே என்று போன வாரம் முதல்முறையாகக் கூண்டைத் திறந்துவிட்டு மூன்று மணி நேரம் வெளியே போய்வந்தோம். திரும்பி வந்தால் சோபாவில் ஒரு மூலையையே காணோம். ஒரு செருப்பும் டிவி ரிமோட்டும் சுக்குநூறு. எங்களைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தப்பு என்று தெரிந்தேதான் செய்திருக்கிறது. ஒரு வயது ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள். எப்போதுதான் இதை நம்பி வீட்டில் விடலாம்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் போன் செய்து கேட்ட முதல் கேள்வி, ரிமோட்டின் பேட்டரிகள் கிடைத்தனவா என்பதுதான். இரண்டும் முழுசாகக் கிடைத்துவிட்டன என்றீர்கள். நிம்மதி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பேட்டரி குறைந்தாலும், கடிபட்டு உடைந்திருந்தாலும், நீங்களாக வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அதிலும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். சோபா பஞ்சையோ துணியையோ விழுங்கியிருந்தால் அறிகுறி தெரிய ஓரிரு நாள்கூட ஆகலாம். வாந்தி, சாப்பிடாமை, மலம் போகாமை இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டு மாதமாக ஒரு தவறும் இல்லை என்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்தில் தவறு செய்ய அதற்கு எத்தனை முறை வாய்ப்புக் கிடைத்தது? நீங்கள் இருந்தால் உங்கள் கண் அதன் மேல் இருக்கிறது. நீங்கள் இல்லாவிட்டால் கூண்டு. ஆக, கூண்டு வாங்கிய நல்ல பெயரை நாயின் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள். வாய்ப்பே இல்லாமல் கழிந்த இரண்டு மாதத்தைவிட, சோபா எதிரே இருந்தும் அதைத் தொடாமல் கழிந்த இருபது நிமிடம் பெரிது. நான் எண்ணச் சொல்வது அந்த இருபது நிமிடங்களைத்தான்.

இன்னொன்று, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதது ஒரு தேர்வு, பொருட்களைக் கடிக்காதது வேறு தேர்வு. முதலாவதில் உங்கள் குட்டி தேறிவிட்டது. இரண்டாவதை அது எழுதவே இல்லை. திடீரென்று மூன்று மணி நேரப் பரீட்சையில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

மேசைக்கு அடியில் ஒளிந்ததைக் குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறீர்கள். நாய் வளர்க்கும் எல்லோரும் சத்தியம் செய்யும் விஷயம் இது. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை நாய் முன்னால் வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வருபவரிடம் நாய் தின்றது, தின்னவில்லை என்பதைச் சில முறை உண்மையாகவும் சில முறை மாற்றியும் சொன்னார்கள். அந்தக் ‘குற்றவாளி முகம்’ நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. உங்கள் குட்டி படித்தது உங்கள் முகத்தை. இரண்டு மணி நேரத்துக்கு முன் குதறிய சோபாவுக்காக இப்போது திட்டினால், ‘இவர்கள் வாசல் கதவைத் திறந்தாலே ஆபத்து’ என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

வயது விஷயத்தில் உங்களிடம் சொன்னவர்கள் பாதி சரி. பால் பற்கள் 28. நாலாவது மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். எனவே உங்கள் குட்டி பல் முளைக்கும் நமைச்சலில் கடிக்கவில்லை. இது விடலைப் பருவம். 2020இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகைக் குட்டிகளைத்தான் பார்த்தது. ‘உட்கார்’ என்றால் 5 மாதத்தில் கேட்ட குட்டிகள் 8 மாதத்தில் வளர்ப்பவரிடம் மட்டும் அடம் பிடித்தன, அந்நியர் சொன்னால் கேட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் நிலைமை தேறியதாக வளர்ப்பவர்கள் சொன்னார்கள். ஆக, காலம் உதவும். ஆனால் காலம் மட்டும் போதாது. சோபாவைக் கிழிப்பது நாய்க்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பரிசு. கிழிக்கக் கிழிக்கப் பழக்கம் ஊறும். ஒரு வயது வரை தினமும் கிழித்துப் பழகிய நாய்க்குப் பிறந்த நாள் வந்துவிட்டதாலேயே புத்தி வந்துவிடாது. பெரிய இன நாய்களில் முழு வீட்டையும் ஒப்படைக்கும் நிலை பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வருவதை என் வேலையில் பார்க்கிறேன். சில நாய்கள் ஒரு வயதிலேயே தயார். ஆயுள் முழுக்க இரண்டு அறைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

அறைகளைத் திறந்துவிடும் முன், கடித்தது சும்மா பொழுது போகாமலா, பயத்தாலா என்று தெரிய வேண்டும். உங்கள் பழைய செல்போன் ஒன்றைக் கேமராவாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். நாய் சுற்றி வந்து, மோந்து பார்த்து, ஏதாவது ஒன்றைக் கவ்விக்கொண்டு சாவகாசமாகப் படுத்தால் அது பொழுதுபோக்கு. நீங்கள் போன சில நிமிடத்திலேயே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, ஊளையிட்டு, வாசல் கதவையோ ஜன்னலையோ பிறாண்டினால், விட்டுச் சென்ற தின்பண்டத்தைத் திரும்பியும் பார்க்காவிட்டால், அது தனிமை அச்சம். அந்த நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். அதற்கு முதலில் கால்நடை மருத்துவர், பிறகு நாய்களின் நடத்தையைப் பற்றி முறையாகப் படித்தவர். நான் கீழே சொல்லப்போகும் முறை அதற்குப் பொருந்தாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சோபாவும் செருப்பும்தான் போயிருக்கின்றன, கதவு போகவில்லை. பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேமராவில் பார்த்துவிடுங்கள்.

முதல் வகைதான் என்றால் ஒரே ஒரு அறையில் தொடங்குங்கள். சோபா இருக்கும் கூடம் வேண்டாம். தரையில் எதுவும் கிடக்காத, ஒயர் தொங்காத ஒரு சிறிய அறை போதும். வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று. கிளம்பும் முன் நன்றாக நடத்திக் கூட்டிப்போய், சிறுநீர் மலம் கழிக்க வைத்து, கடிபொம்மை ஒன்றுக்குள் தின்பண்டம் அடைத்துக் கொடுங்கள். களைத்த நாய் தூங்கும். ஓட்டமும் இல்லாமல், பொழுதும் போகாமல் இருக்கும் நாயைச் சோதிப்பது அநியாயம். பத்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள். பெரிய கொஞ்சல் எதுவும் வேண்டாம். அடுத்த நாள் இருபது, பிறகு நாற்பது, நடுநடுவே மறுபடியும் பத்து. ஏறிக்கொண்டே போனால் நாயும் எதிர்பார்க்கத் தொடங்கும், அதனால் கலைத்துப் போடுங்கள். இரண்டு மணி நேரத்தை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பழுதில்லாமல் கடந்தால் அடுத்த அறையைத் திறக்கலாம். புது அறைக்கு மறுபடி பத்து நிமிடத்திலிருந்து. ‘அந்த அறையில் கற்றதை இங்கேயும் செய்யும்’ என்று மனிதர்கள் நினைப்பது போல நாய் நினைப்பதில்லை. சமையலறை கடைசி. கூடத்தைத் திறக்கும் நாளில், மிச்சமுள்ள சோபாவின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடுங்கள்.

தவறு நடந்தால் திட்டு இல்லை, தண்டனை இல்லை. ஒரு படி கீழே இறங்குங்கள், அவ்வளவுதான். கடைசியாக எந்த நேரத்தில், எந்த அறையில் சரியாக இருந்ததோ அங்கே ஒரு வாரம். பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். பெண் நாய்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதாக வரும்.

அந்தச் செருப்பைப் பற்றி ஒரு சந்தேகம். பழைய செருப்பை விளையாடக் கொடுத்தீர்களா? நிறையப் பேர் கொடுக்கிறார்கள். பழசு எது, புதுசு எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் உங்கள் வாடைதான்.

இரவு வேறு கணக்கு. நீங்களும் தூங்குகிறீர்கள், வீடும் அமைதி. எனவே உங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூண்டுக்கு வெளியே உங்களோடு படுக்கவிடுவதை இப்போதே முயலலாம். பகலில் தனியாக விடுவதைவிட இதில் பெரும்பாலான குட்டிகள் சீக்கிரம் தேறிவிடும்.

எவ்வளவு நம்பகமான நாயானாலும் சில விஷயங்களை நம்பிக்கையிடம் விடக் கூடாது. மாத்திரைகள், சாக்லேட், திராட்சையும் உலர்திராட்சையும், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) கலந்த சூயிங்கம், குப்பைத் தொட்டி எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு எந்த நாயையும் தனியே விடாதீர்கள்.

வீடு முழுவதும் திறந்துவிட்ட பிறகும் கூண்டைப் பரணில் ஏற்றாதீர்கள். கதவைக் கழற்றாமல், திறந்தபடி அதே மூலையில் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு, வீட்டுக்கு விருந்தினர், பயணம் என்று எப்போதாவது தேவைப்படும். இத்தனை நாள் அடைபட்ட இடத்துக்குள் உங்கள் குட்டி பகலில் தானாகப் போய்த் தூங்குவதைக் கேமராவில் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.