நீருக்குள் ஒளியின் அலைநீளம் குறைகிறதென்றால் அதன் நிறம் ஏன் மாறுவதில்லை?

நிறம் மாறுவதில்லை, ஏனெனில் நீருக்குள் நுழையும்போது ஒளியின் வேகமும் அலைநீளமும் குறைகின்றனவே தவிர, அதன் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அலைகள் என்பது, அப்படியே இருக்கிறது. இதைக் கேட்டவர் மேல்நிலை வகுப்பு மாணவராகவோ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவராகவோ இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘அலைநீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும்’ என்று நெட்டுருச் செய்தவருக்கு, ஒளிவிலகல் பாடத்துக்கு வந்ததும் நீருக்குள் சிவப்பு நீலமாக வேண்டாமா என்ற ஐயம் எழுவது இயல்பு; அது உங்கள் குறையன்று. அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வேகம் கிடைக்கும் என்பதுதான் எங்கும் பொருந்தும் விதி. ஒன்று குறைந்தால் மற்றது கூடும் என்பது, வேகம் மாறாதிருக்கும்வரை மட்டுமே உண்மை.

வெற்றிடத்தில் அந்த வேகம் மாறாதிருப்பதன் காரணத்தை 1860களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் காட்டினார். மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் பிறப்பிக்க, இரண்டும் சேர்ந்து பரவும் அலையின் வேகத்தை அவர் மின், காந்த அளவீடுகளிலிருந்தே கணக்கிட்டார். அது அப்போது அறியப்பட்டிருந்த ஒளியின் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போயிற்று. அந்தக் கணக்கில் அலைநீளத்துக்கு இடமே இல்லை. ஆகவே வானொலி அலையும் எக்ஸ் கதிரும் வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற ஒரே வேகத்தில்தான் செல்கின்றன. நீரிலும் கண்ணாடியிலும் நிலைமை வேறு. வந்து விழும் அலையின் மின்புலம் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவை தாம் ஆட்டப்படும் அதே அதிர்வெண்ணில் அலைகளை வெளியிடுகின்றன. வந்த அலையும் இந்த அலைகளும் இணைந்து உருவாகும் அலைதான் மெதுவாக முன்னேறுகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் தொழில் ஒரு காரணம். ஒளியிழைக் கேபிள்களை இணைத்துச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். 1310, 1550 என்ற இரண்டு எண்களைச் சொல்லாமல் எங்களுக்கு ஒரு வேலைநாளும் கழியாது. இரண்டும் நானோமீட்டரில் சொல்லப்படும் அலைநீளங்கள். படிப்பு முடித்த புதிதில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், இழைக்குள் செல்லும் 1550 ஒளியின் அலைநீளம் என்ன என்று கேட்டார்கள். இழையின் ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தைவிட அங்கே ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பது) ஏறத்தாழ 1.468 என்பதால் உள்ளே அது சுமார் 1056 நானோமீட்டராக இருக்கும் என்றேன். கேள்வியிலேயே விடை இருக்கும்போது வேறு எதையோ சொல்கிறீர்களே என்று கூறி, அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். 1550 என்பது அந்த ஒளிக்கு வெற்றிடத்தில் உள்ள அலைநீளம் என்றும், இழைக்குள் வேகம் நொடிக்குச் சுமார் 2,04,000 கிலோமீட்டராகக் குறைவதால் அலைநீளமும் அதே விகிதத்தில் குறைகிறது என்றும் விளக்க எனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அன்று சொன்ன விடையை இன்றும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். அங்கே மாறாதிருப்பது 193.4 டெராஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் ஒன்றுதான். நொடிக்கு 193 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட முகடுகள் இழையின் முனைக்கு வந்து சேரும்போது, உள்ளே செல்லும் அலையும் நொடிக்கு அத்தனை முகடுகளோடுதான் செல்ல முடியும். குறைந்தால் மிஞ்சியவை எல்லையிலேயே குவிய வேண்டும், அப்படி எதுவும் குவிவதில்லை.

பின்னர் வேறிடத்தில், ஒரே இழையில் பல அலைநீளங்களை ஒருசேர அனுப்பும் டி.டபிள்யூ.டி.எம். கருவிகளில் பணிபுரிந்தபோது எனக்குப் பெரும் மனநிறைவு தந்த ஒரு செய்தி உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அந்த ஒளித்தடங்களின் வரிசையை அலைநீளத்தில் வகுக்காமல் அதிர்வெண்ணில் வகுத்திருக்கிறது, 193.1 டெராஹெர்ட்ஸை அடிப்படைப் புள்ளியாகக் கொண்டு, 100 அல்லது 50 கிகாஹெர்ட்ஸ் போன்ற சம இடைவெளிகளில் தடங்கள் அமைகின்றன. அதே 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியை அலைநீளமாக மாற்றினால், 1530 நானோமீட்டர் அருகே 0.78 நானோமீட்டராகவும் 1565 அருகே 0.82 நானோமீட்டராகவும் வருகிறது. எதிர்விகிதம் என்றால் என்ன என்பதை இந்த இரண்டு எண்களைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருங்கிய சான்று உங்கள் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரைக்கு முன்னால் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.336. ஆகவே காற்றில் 650 நானோமீட்டராக இருக்கும் சிவப்பு ஒளி, விழித்திரையைத் தொடும்போது சுமார் 487 நானோமீட்டராகிவிடுகிறது. காற்றில் அந்த அலைநீளமுள்ள ஒளி நீலப்பச்சையாகத் தெரியும். ஆயினும் நாம் சிவப்பையே காண்கிறோம். விழித்திரைச் செல்கள் ஒளித்துகளின் ஆற்றலுக்கு ஏற்பத் தூண்டப்படுகின்றன. அந்த ஆற்றலைத் தீர்மானிப்பது அதிர்வெண்.

அதிர்வெண் எந்நிலையிலும் மாறாது என்று நான் சொல்லவில்லை. 1928-இல் சி. வி. ராமன் கண்டறிந்த விளைவில், சிதறும் ஒளியின் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுகளுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அவற்றிடமிருந்து பெற்றோ, அதிர்வெண் மாறி வெளிவருகிறது. பச்சை லேசர் சுட்டிகள் பலவற்றில் 1064 நானோமீட்டர் ஒளி ஒரு படிகத்துக்குள் இரட்டை அதிர்வெண் பெற்று 532 ஆகிறது. இவை வேறு நிகழ்வுகள். சாதாரண ஒளிவிலகலில் இவற்றுக்கு இடமில்லை. கடலின் ஆழத்தில் சிவப்புத் துணி கருத்துத் தோன்றுகிறதே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் நேர்வது, அலைநீளம் சுருங்குவதால் அன்று.

வினாத்தாள்களில் ‘ஒளியின் அலைநீளம் 5000 ஆங்ஸ்ட்ராம், அதிர்வெண் காண்க’ என்று கேட்டுவிட்டு, ஊடகம் எது என்று குறிப்பிடாமல் விடும் வழக்கத்தை நான் இன்றும் ஏற்பதில்லை. மாணவர்களின் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஊடகம் குறிப்பிடப்பட்ட கணக்கு வந்தால், முதலில் வெற்றிட அலைநீளத்திலிருந்து அதிர்வெண்ணைக் கண்டு எழுதி வையுங்கள். பிறகு ஊடகத்தில் ஒளியின் வேகத்தை அந்த அதிர்வெண்ணால் வகுங்கள். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளிக்கு அதிர்வெண் 509 டெராஹெர்ட்ஸ் என்றும், நீருக்குள் அலைநீளம் சுமார் 442 நானோமீட்டர் என்றும் விடை வரும். நீருக்குள்ளும் அந்த ஒளி மஞ்சள்தான்.