சாக்ஸ் பொம்மை செய்து விற்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய சாக்ஸில் செய்யலாமா, அக்கா?

கை பழகுவதற்குச் செய்யலாம். விற்பதற்கு வேண்டாம். குதிகாலில் நூல் தேய்ந்திருக்கும், பஞ்சு அடைத்ததும் அந்த இடம்தான் முதலில் விடும். புதிது வாங்கும்போது பருத்தி அதிகமாக, நெருக்கமாகப் பின்னியதாகப் பாருங்கள். கையால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதா? பொம்மையிலும் அப்படித்தான் பஞ்சு தெரியும்.

தையல் போட்ட இடம் பிளந்துகொள்கிறது. என்ன செய்ய?

சாக்ஸ் இழுபடும் துணி. நேராக ஓட்டித் தைத்தால் அதனோடு சேர்ந்து நூல் இழுபடாது, அறுந்துவிடும். சின்னச் சின்னப் பின்தையலாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுத்துப் போடுங்கள். இன்னொன்று, வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். முதலில் தையல், அப்புறம் கத்தரி. வெட்டிய சாக்ஸ் கண் எதிரே பிரிந்துகொண்டே போகும்.

கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்குப் போகும் பொம்மையில் பொத்தான் வைக்கவே வைக்காதீர்கள். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் குழந்தை கடித்து இழுத்தால் ஒருநாள் வரும், தொண்டையில் அடைக்கும். பல நாடுகளின் பொம்மைச் சோதனையில், கழன்று வரும் பாகம் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய்க்குள் முழுசாக அடங்கினால் அந்த வயதுக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். எந்தச் சட்டைப் பொத்தானும் அதில் அடங்கும். கண்ணை நூலால் எம்பிராய்டரி செய்யுங்கள். தைக்க உட்காரும்போது குண்டூசிகளை எண்ணி எடுங்கள், முடிந்ததும் திரும்ப எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தப் பொம்மை வீட்டை விட்டுப் போகக்கூடாது.

விலை எப்படி வைப்பது? அதிகம் என்கிறார்கள்.

நானும் முதல் வருடம் சாக்ஸ், பஞ்சு, நூல் கணக்கை மட்டும் பார்த்து விலை வைத்தேன். நிறைய விற்றது, கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒருநாள் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தேன். இரண்டு மணி நேரம் என்று நினைத்திருந்த முயல் நாலரை மணி நேரம் எடுத்தது! முகத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம்.

நீங்களும் அளந்து பாருங்கள். பொருள் செலவோடு உங்கள் மணிக்கூலி, பெட்டி, அனுப்பும் செலவு, விற்பனைத் தளம் பிடிக்கும் கமிஷன் எல்லாம் சேரட்டும். அதற்கு மேல்தான் லாபம். கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள். விற்கும் விலையில் பாதிக்குக் கேட்கும் கடைகள் உண்டு. அந்தப் பாதியிலும் உங்கள் கூலி வராவிட்டால் வடிவத்தை எளிதாக்குங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். அதிகம் என்பவரிடம் வாதாட வேண்டாம், அவருக்குச் சின்னப் பொம்மை ஒன்றைக் காட்டுங்கள்.

கார்ட்டூன் உருவம் கேட்கிறார்கள். செய்யலாமா?

உரிமை வாங்காமல் விற்கக்கூடாது. சொந்தமாக ஒரு முகம் கண்டுபிடியுங்கள், சாக்ஸே வழி காட்டும். 1932-இல் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் நெல்சன் நிட்டிங் கம்பெனி தன் சாக்ஸுக்குச் சிவப்புக் குதிகால் வைத்தது. பொம்மை தைத்தவர்கள் கையில் அந்தச் சிவப்பே குரங்கு பொம்மையின் வாயானது!

வேலையை விட்டுவிடட்டுமா?

இப்போது வேண்டாம். தெரிந்தவர்கள் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காமல், முன்பின் தெரியாதவர்கள் மாதாமாதம் எத்தனை வாங்குகிறார்கள் என்று ஒரு வருடம் எழுதி வையுங்கள். பண்டிகை மாதத்தைத் தனியாக எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.