நாலு எண்ணும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். இதை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் எல்லாரும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள்.

எங்கள் பையனுக்குப் பத்து மாதம். பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். முகம் பார்த்துச் சிரித்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது, கீழ்ப்பல் வந்தது, எல்லாம். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்டிலைப் பிடித்து நின்றவன் கையை விட்டுவிட்டுத் தனியாக நின்றான். நான் நாலு எண்ணும் வரை நின்றான். வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்று ராத்திரியே உடம்பு கொதித்தது, 103. தெர்மாமீட்டரைத் துடைத்து வைப்பதற்குள் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, காய்ச்சலால் வந்த வலிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவன் நிற்பதே இல்லை. தவழ்ந்து தவழ்ந்து என் மனைவியின் மடிக்கே போகிறான். என் அம்மா, ‘புள்ள நிக்கிறத ஊருக்கே காட்டுன, கண்ணு பட்டுடுச்சு’ என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வீடியோவை அழித்துவிட்டேன். அன்று மத்தியானமே அவன் சரியாகச் சாப்பிடவில்லை, நான்தான் கவனிக்காமல் விட்டேன். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை எழுந்து சூடு பார்க்கிறேன். நோட்டைத் தொடவே பிடிக்கவில்லை. என்ன செய்வது அக்கா?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

நான் டாக்டர் இல்லை, கதை எழுதுகிறவள். பையனைப் பார்த்த டாக்டர் சொன்னதற்கு மேல் அவன் உடம்பைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. ஆனால் இதே மாதிரி ஒரு ராத்திரி எனக்கும் உண்டு. அதற்கப்புறம் பயத்திலேயே தேடித் தேடிப் படித்ததும் உண்டு. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

1998 நவம்பர். அப்போது வியாசர்பாடியில் குடியிருந்தோம். விடாத மழை. மகளுக்குப் பதினோரு மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு வைப்பாள். கீழ்ப்பல் ஒன்று அரிசி மாதிரி எட்டிப் பார்த்திருந்தது. அவள் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். காய்ச்சல் இருப்பதே எனக்குத் தெரியாது. மடியில் கிடந்தவள் திடீரென்று விறைத்தாள், உதடு நீலம் பாரித்தது. என் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். பிறகு, பல் கிட்டிக்கொள்ளும் என்று கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டார். ஈறு கிழிந்தது. இருந்த ஒரே பல்லின் முனையும் உடைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் துவண்டுவிட்டது, தலைக்குள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ஆட்டோக்காரர் பேசின் பிரிட்ஜ் பக்கமாகச் சுற்றி எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். காசு வாங்கக்கூட நிற்கவில்லை.

டியூட்டியில் இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, ‘எத்தனை நிமிஷம் இழுத்தது?’ அரை மணி நேரம் என்றேன். அம்மா கால் மணி என்றார். பையைப் பிடித்துக்கொள்ள எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், ஆறாம் வகுப்பு படிக்கிறவள், பின்னாலிருந்து சொன்னாள்: ‘விளம்பரம் போட்டப்ப ஆரம்பிச்சுது டாக்டர். திரும்ப நாடகம் போடறதுக்குள்ள நின்னுடுச்சு.’ டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மூன்று நிமிஷம் என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று பின்னால்தான் புரிந்தது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அதைத் தாண்டினால் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும், அப்போது 108-ஐக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. அதுவரை நம் வேலை, குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பது. வாயில் கரண்டி வேண்டாம், விரல் வேண்டாம், தண்ணீர், மருந்து, வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். சாவி கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சில சமயம் அப்படி எடுப்பார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். முதுகில் ஊசி போட்ட பிள்ளைக்குக் கால் விளங்காது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்! டாக்டரம்மா கோபப்படவில்லை. என் முதுகிலேயே விரலை வைத்து, ‘தண்டுவடம் இதுக்கு மேலயே முடிஞ்சிடுது. நாங்க குத்துறது இங்க, கீழ’ என்று காட்டினார். மழையில் நனைந்த முதுகில் அந்த விரல் சில்லென்று பட்டது. போட்டேன். நீர் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, மார்பிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் பொரிப் பொரியாகக் கிளம்பியது. அம்மா, அம்மைதான் என்று வேப்பிலைக்குக் கிளம்பினார். குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் ஒரு வைரஸ் என்று சொல்லி நிறுத்தினார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கண் பட்டது என்கிறார். நீங்கள், கவனிக்காமல் விட்டேன் என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அம்மாவுக்கு ஊரார் கண், உங்களுக்கு உங்கள் கண், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைக்கு இப்படி ஒன்று சும்மா வந்துவிட்டுப் போகும் என்பதை இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை.

ஆனால் சும்மாதான் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் 100 குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அந்த வயது மூளை சூட்டுக்கு அப்படித் துள்ளும். பெரும்பாலும் காய்ச்சலின் முதல் நாளிலேயே வந்துவிடும். பல வீடுகளில், எங்கள் வீட்டைப் போல, வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சலே தெரியவரும். மத்தியானம் அவன் சாப்பிடாததை நீங்கள் கவனித்திருந்தாலும், பாராசிட்டமால் கொடுத்திருந்தாலும், இது வந்திருக்கலாம். காய்ச்சல் மருந்து குழந்தையின் அலுப்பைக் குறைக்கும். வலிப்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அதனால் அந்த இரண்டு மணி, நாலு மணித் தெர்மாமீட்டர் காவலால் ஒரு பயனும் இல்லை. தூங்குங்கள் தம்பி.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மறுபடி வரலாம். மூன்றில் ஒரு குழந்தைக்கு வருகிறது, ஒரு வயதுக்குள் முதல் தடவை வந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு அறிவையோ வளர்ச்சியையோ கெடுப்பதில்லை. என் மகளுக்கு ஒன்றரை வயதில் இன்னொரு முறை வந்தது. அந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்.

அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடட்டும், மைப்பொட்டு வைக்கட்டும். அவருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டாமா? மிளகாயை அடுப்பில் போடும்போது மட்டும் பையனை மாடிக்குத் தூக்கிப் போய்விடுங்கள், நெடி ஆகாது. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டினாலும் சரி, உரைத்து வாயில் ஊற்ற மட்டும் விடாதீர்கள். எங்கள் அம்மா என் மகளைப் பள்ளிவாசல் வாசலிலும் நிறுத்தினார். சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் வரிசையாக ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். பொட்டு வைத்த அம்மாக்கள் பிள்ளையோடு நிற்பார்கள், புர்கா போட்ட அம்மாக்களும் நிற்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அங்கே நின்ற நாளில் மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

பையன் நிற்காதது பற்றி. என் மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் சுவர்ப் பக்கமே போகவில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தைகள் புதிதாகக் கற்றதைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிடுவதுண்டு. பத்து மாதத்தில் தனியாக நிற்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிக்காமல் நிற்பதற்கு 6.9 மாதத்திலிருந்து 16.9 மாதம் வரை, தனியாக நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எவ்வளவு அகலமான வாசல் பாருங்கள்! அதில் 4.3 சதவீதம் பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கப் போயிருக்கிறார்கள். சில வாரம் கழித்தும் பழையபடி வரவில்லை என்றாலோ, ஒரு கையையோ காலையோ மட்டும் விட்டுவிட்டு மற்றதையே பயன்படுத்துகிறான் என்றாலோ, முகம் பார்ப்பதும் சத்தத்துக்குத் திரும்புவதும் குறைந்தாலோ, டாக்டரிடம் காட்டுங்கள்.

தெய்வத்தையும் பெரியவர்களையும் குழந்தையாக வைத்துப் பாடிய நம் பிள்ளைத்தமிழ்க்காரர்களும் உங்களைப் போல மாதக் கணக்கு வைத்தவர்கள்தான். ஐந்தாம் மாதம் தலையசைத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரும் வருகை என்று ஒற்றைப்படையாக அடுக்கிக்கொண்டு போவார்கள். எந்தக் குழந்தையும் அந்த வரிசையைப் படித்துவிட்டு வளர்ந்திருக்காது. ஆனால் அவர்கள் செங்கீரையிலிருந்து தொடங்கவில்லை. முதல் பருவத்துக்குக் காப்பு என்று பெயர். குழந்தை ஒன்றும் செய்யாது, தெய்வங்களைக் கூப்பிட்டுக் காப்பாற்று என்று கேட்பது மட்டும்தான். பயந்தவர்கள்தான் அந்த வரிசையைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நாலு எண்ணும் வரை நின்றான் என்று எழுதுங்கள். அதற்குக் கீழேயே 103 என்றும் எழுதுங்கள். எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம் இழுத்தது, எப்போது அழுதான், டாக்டர் என்ன எடை போட்டு எவ்வளவு மருந்து சொன்னார், எல்லாம். அடுத்த முறை எந்த டாக்டரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இன்னொரு வரியும் அதில் சேர வேண்டும், அதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க முடியும். எங்கள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். ‘உனக்கும் ரெண்டு தடவை ஜன்னி வந்துச்சுடி.’ அப்போது என் அப்பாவைப் பெற்ற பாட்டி அம்மாவைத்தான் குற்றம் சொன்னாராம், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வைத்திருந்தாய் என்று. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயிலும் யாரோ கரண்டி வைத்திருக்கிறார்கள். இது குடும்பத்தில் ஓடக்கூடிய விஷயம், டாக்டரும் கேட்பார். உங்கள் அம்மாவிடம் பதமாகக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குச் சின்ன வயதில் வந்ததா என்று. ஊர்க் கண் மேல் பழியைப் போடுகிறவர்களில் சிலர், ஒரு காலத்தில் தங்கள் மேல் விழுந்த பழியைத்தான் நகர்த்திவைக்கிறார்கள்.

என் மகளின் உடைந்த பல் ஆறு வயது வரை இருந்தது. எந்தப் போட்டோவில் சிரித்தாலும் தெரியும். விழுந்த அன்று மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்த் தூக்கி எறிந்தாள். எனக்குத்தான் மனசில்லை.

அப்புறம் அந்த வீடியோ. பெரும்பாலான போன்களில் அழித்த படமும் வீடியோவும் முப்பது நாள் வரை குப்பைத் தொட்டியில் கிடக்கும். உங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இப்போதே போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா