24ஆம் தேதி இரவு ஜெர்மனியில் ஊரே ஏன் அடங்கிவிடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகன் போன வருஷம் மேற்படிப்புக்கு ஜெர்மனி போனான். கிறிஸ்தவ நாடாயிற்றே, கிறிஸ்துமஸ் அமர்க்களமாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் 24ஆம் தேதி சாயங்காலமே ரோட்டில் ஆள் இல்லை, கடையெல்லாம் பூட்டிவிட்டார்கள், கூடப் படிக்கிற ஒருவரும் கூப்பிடவில்லை, அறையில் தனியாக நூடுல்ஸ் சாப்பிட்டேன் என்று போனில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் அங்கே ஹாலே நகரில் குடியிருந்தவர். அங்கே அப்படித்தானா? இந்த வருஷமாவது அவன் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அப்படித்தான் அம்மா. எனக்கும் அங்கே முதல் கிறிஸ்துமஸ் அப்படித்தான் போனது, அதனால் உங்கள் மகன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மனசே இல்லை என்று மட்டும் அவன் முடிவுகட்டிவிட வேண்டாம்.

நம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டு வாசல் திறந்தே கிடக்கும். ராத்திரி முழுக்க கேரல் ரவுண்டு, விடியற்காலை ஆராதனை, அப்புறம் புதுத்துணியோடு தெருவில் நாலு வீடு ஏறி இறங்குவது, பக்கத்து வீட்டு இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தட்டில் பலகாரம். அங்கே 24ஆம் தேதி சாயங்காலம்தான் பண்டிகையின் உச்சம், அது முழுக்க முழுக்கக் குடும்பத்துக்கு உரிய நேரம். மதியம் 2 மணியோடு கடைகளைச் சாத்திவிடுவார்கள், பஸ்ஸும் டிராமும் குறைந்துவிடும், 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மரத்துக்கு விளக்கேற்றி, பரிசுகளைப் பிரித்து, பல வீடுகளில் வெறும் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் அன்றைய சாப்பாடு. வாத்துக்கறி விருந்தெல்லாம் மறுநாள்தான். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட அந்த ஒரு சாயங்காலத்துக்காக ரயில் பிடித்து அப்பா அம்மாவிடம் வந்துவிடுவார்கள், அதனால்தான் அவனோடு படிக்கிறவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, ஞாயிறும் ஒட்டி வந்துவிட்டால் மூன்று நாளுக்குக் கடை கிடையாது. 23ஆம் தேதியே அரிசி, பால், முட்டை எல்லாம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அவன் தவறவிட்டது 24க்கு முந்தைய நாலு வாரத்தை. அங்கே ஊரோடு சேர்ந்து மகிழ்கிற காலம் அட்வென்ட் எனப்படும் அந்த நாலு வாரம்தான், அதை அனுபவிக்காமல் நேராக 24ஆம் தேதிக்கு வந்து நின்றால் எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கும். மேசை மேல் பச்சை இலை வளையம் வைத்து ஞாயிற்றுக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இதை 1839இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகர், தன் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். வீடில்லாத பிள்ளைகளுக்காக வந்த வழக்கம் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு.

அந்த நாலு வாரத்தில் யாரும் யாரையும் காப்பிக்கும் கேக்குக்கும் கூப்பிடலாம். உங்கள் மகன் தன்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அவனே கூப்பிடட்டும். இரண்டாவது அட்வென்ட் ஞாயிறு சாயங்காலம் அறையில் ஒரு பிரியாணி போட்டு, வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேரையும் எதிர் அறைக்காரரையும் சாப்பிடச் சொல்லட்டும். அவர்களில் ஒருவராவது 24ஆம் தேதி எங்கே இருப்பாய் என்று கேட்பார்கள், கேட்டால் மழுப்பாமல் தனியாகத்தான் இருப்பேன் என்று சொல்லட்டும். எனக்கு அப்படிச் சொன்ன பிறகுதான் ஒரு வீட்டின் கதவு திறந்தது. அப்புறம் வருஷா வருஷம் அந்த வீட்டு மேசையில் எனக்கு ஒரு தட்டு இருந்தது.

கூப்பிடுவார் இல்லாமல் போனாலும் அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். பல ஊர்களில் சபைகளே அன்றைக்குத் தனியாக இருப்பவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகின்றன. பக்கத்து ஆலயத்தில் டிசம்பர் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ளட்டும். அங்கே பரிமாற ஆள் வேண்டியிருக்கும், அந்த வேலைக்கே போகலாம்.

கேள்வி: ஐரோப்பாவில் இப்போது ஆலயத்துக்கு யாருமே போவதில்லை, கிறிஸ்துமஸ் வெறும் வியாபாரம் ஆகிவிட்டது என்கிறார்களே, நீங்கள் பார்த்தது என்ன? தமிழில் ஆராதனை உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஹாலே பழைய கிழக்கு ஜெர்மனியில் இருந்த நகரம், அங்கே பெரும்பாலோர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. சாதாரண ஞாயிறுகளில் பெரிய பெரிய ஆலயங்களில் கொஞ்சம் வயதானவர்கள் மட்டும் அங்கங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 24ஆம் தேதி நிலைமை வேறு. பிற்பகலில் பிள்ளைகள் நடிக்கிற பிறப்பு நாடகத்துக்கே இடம் கிடைக்காது, முன்கூட்டிப் போகாவிட்டால் நிற்க வேண்டியதுதான். ராத்திரி 10, 11 மணிக்கு இன்னொரு ஆராதனை. 25 காலையில் மறுபடி கூட்டம் குறைந்துவிடும், விடியற்காலை ஆராதனைக்குப் பழகிய நமக்கு அது கஷ்டமாக இருக்கும். வருஷத்துக்கு ஒருநாள் வருகிறார்கள் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒருநாள் வந்து பாடுகிறவர்களின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவில்காரர் கேட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் படித்தது ஹாலேயில்தான். அங்குள்ள பிராங்கே நிறுவனத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பின்னால் 1740இல் வந்து சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரீசியுஸ் என்ற இன்னொரு ஜெர்மன் மிஷனரி, ஜெர்மன் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். அதனால் என்ன நடக்கும் தெரியுமா? முன்பின் தெரியாத ஊரில், ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆர்கன் ஒரு ராகத்தை எடுக்கும், அது சின்ன வயசிலிருந்து நாம் பாடிய பாட்டாக இருக்கும். எனக்கு வாய் தானாகத் தமிழில் பாட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டியம்மா தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார், நான் தமிழிலேயே முடித்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ் ஆராதனையும் உண்டு, ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் குடியேறிய மேற்குப் பகுதியில்தான் அதிகம். அங்கே தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று தமிழ்க் குருக்கள் இருக்கிறார்கள். கேவலார் என்ற ஊர் மாதா கோவிலுக்கு ஆகஸ்ட் மாதம் தமிழர் கூட்டம் திருவிழாபோல் வரும், இந்துக்களும் வருவார்கள். கிழக்கே இருப்பவர்கள் டிசம்பரில் தமிழில் பாட வேண்டுமென்றால் நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒரு வீட்டில் பாடிக்கொள்வதுதான் வழி, நாங்களும் அதைத்தான் செய்தோம்.

கேள்வி: டிசம்பர் 25 அன்று பிராங்பர்ட் போய் இறங்குகிறோம். கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்த்துவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியாது. பல ஊர்களில் 23ஆம் தேதியோடோ 24 மதியத்தோடோ சந்தை முடிந்துவிடும். முடிந்தால் டிக்கெட்டை இரண்டு வாரம் முன்னால் மாற்றுங்கள். அப்படி மாற்றினால் டிரெஸ்டனுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், அங்கே சந்தை 1434இல் தொடங்கியது. சூடான ஒயின் வேண்டாம் என்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மது சேராத பழரசம் சூடாகக் கிடைக்கும்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகளுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் பார்சலில் அனுப்பலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள், ஆனால் பால்கோவாவும் நெய் ஜாடியும் இறைச்சியும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். முந்திரிக்கொத்து சரியாக இருக்கும், நாள்பட்டாலும் கெடாது. தனிநபர் அன்பளிப்பு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் சுங்கவரி இல்லை, பார்சல் மேல் உள்ளே இருப்பதையும் மதிப்பையும் உண்மையாக எழுதுங்கள். நவம்பர் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், அட்வென்ட் ஞாயிறுகளில் அவள் யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும்.