கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம்: படகு டிக்கெட்டும் மீன் சாப்பாட்டு பில்லும்

கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து கன்னியாகுமரிப் பயணச் செலவு பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. இந்த வாரம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு கன்னியாகுமரி போகிறோம். ‘கண்ணாடிப் பாலம் டிக்கெட் உட்பட’ என்று ஒரு டிராவல்ஸ்காரர் தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. (வாசகி, சேலம்)

பதில்: முதலில் பாலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே, கடலுக்கு மேலே இருக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. சிலையின் வெள்ளிவிழாவையொட்டி 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கரையிலிருந்து நடந்து போக வழி கிடையாது. படகில்தான் போக வேண்டும். படகை ஓட்டுவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். அதன் டிக்கெட்டைப் படகுத்துறை கவுன்டரில் நீங்களே வாங்கிக்கொள்ளலாம். பாறையில் இறங்கியதும், அங்குள்ள விவேகானந்தர் நினைவிடத்தை நடத்தும் விவேகானந்தா கேந்திரம் நுழைவுக் கட்டணம் தனியாக வாங்குகிறது.

ஆகவே டிராவல்ஸ்காரரிடம் மொத்தத் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: படகுக்கு எவ்வளவு, நுழைவுக்கு எவ்வளவு, வண்டிக்கும் அவர் சேவைக்கும் எவ்வளவு? அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் கேளுங்கள். கடல் சீற்றத்தால் படகு ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா? முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பாறைக்குப் படகு விட மாட்டார்கள். விவேகானந்தர் பாறையோடு பலர் திரும்பிவிடுவார்கள். அந்தக் குறையைப் பாலம் தீர்த்துவிட்டது. ஆனால் கரையிலிருந்து முதல் பாறைக்குப் போவது இன்றைக்கும் கடலின் கையில்தான் இருக்கிறது. ‘படகு இல்லையென்றால் அந்தத் தொகை திரும்பத் தரப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்தாலும் போதும், பின்னால் அது ஆதாரம்.

அம்மாவுக்குப் பாலத்தில் நடப்பது கஷ்டமாக இருக்காது. ஆடும் படகில் ஏறி இறங்குவதும், பாறையில் உள்ள படிகளும், வரிசையில் கால்கடுக்க நிற்பதும்தான் சிரமம். நினைவிடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். மதிய வெயிலில் அந்தக் கல்தரை கொதிக்கும். காலை முதல் படகுகளில் போய்விடுங்கள்.

2025-ல் பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் விழுந்து ஒரு கண்ணாடியில் விரிசல் விட்ட செய்தியைப் பார்த்துப் பயந்து சிலர் எழுதியிருந்தார்கள். பாலத்தில் போட்டிருப்பது பல அடுக்குக் கண்ணாடி. அதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: படகுக்குச் சிறப்பு வரிசை டிக்கெட் எடுப்பது வீண் செலவா? (வாசகர், ஈரோடு)

பதில்: சாதாரண நாளில் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் இருக்கும்போது வயதானவர்கள், கைக்குழந்தைகளோடு போவோர் எடுக்கலாம். கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதால், வரிசை எவ்வளவு தூரம் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘வரிசை இல்லாமல் ஏற்றிவிடுகிறேன்’ என்று வெளியில் நின்று கூப்பிடுபவரிடம் மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் புதிதாக வந்த ஒரு மீன் உணவகத்தில் சாப்பிட்டோம். மெனுவில் மீன் வறுவலுக்கு ‘அளவைப் பொறுத்து’ என்று மட்டும் இருந்தது. பில்லைப் பார்த்ததும் அதிர்ந்துவிட்டோம். சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் வேறு. இது சரியா? (வாசகர், கோவை)

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. ஊருக்கு ஆசையாக வந்த குடும்பம் சாப்பாட்டு மேசையில் மனம் நொந்து எழுந்து போவதைக் கேட்கும்போது கோபமாகத்தான் இருக்கிறது.

தட்டில் அடுக்கிய மீனைக் காட்டி ‘எது வேணும்?’ என்று கேட்பார்கள். கை நீட்டுவதற்கு முன்னால் ‘இந்த மீன், பொரித்து, எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்று கேட்டு ரூபாயில் பதில் வாங்குங்கள். கிலோ விலை சொன்னால், எடை சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு. கோடை விடுமுறையில் மீன் விலை ஏற இதுவும் காரணம். அப்போது ஐஸில் இருந்த மீனும் புது மீன் விலைக்கு வரும். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

சேவைக் கட்டணத்துக்கு வருவோம். அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் உள்ள ஓட்டல்களின் உணவகத்தில்தான் 18 வரும். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கொடுக்க வேண்டாம். காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டும் முறை) பதிந்த சிறு கடைகளும் உங்களிடம் வரி வசூலிக்கக் கூடாது. தங்கும் அறைக்கும் இதே கவனம் வேண்டும்: 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். பழைய 12-ஐப் போட்டிருந்தால் கேளுங்கள்.

பில்லைப் படமெடுத்து வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால், வழக்குக்காகக் குமரி மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 வாங்கினார்கள். (வாசகி, விருதுநகர்)

பதில்: கடையில் என்றால் தவறு, எடையளவுத் துறையிடம் புகார் சொல்லலாம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் என்றால் நிலைமை வேறு. அங்கே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடிக்கச் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

கேள்வி: எல்லா ஊரிலும் கிடைக்கிற ஃபிரைடு ரைஸ் வேண்டாம். அங்கே என்ன சாப்பிடலாம், என்ன வாங்கி வரலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: இப்படிக் கேட்டதற்கு மகிழ்ச்சி. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிடுங்கள். அது நாகர்கோவில், தக்கலைப் பக்கம் உள்ளூர்க்காரர்கள் உட்காரும் சின்னக் கடைகளில்தான் நன்றாக இருக்கும். பதநீரை அங்கே அக்கானி என்பார்கள். பருவத்தில் கிடைத்தால் விடாதீர்கள். வாங்கி வர மட்டிப்பழம் என்ற உள்ளூர் வாழைப்பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான், மணம் ஊரைக் கூட்டும். கனிந்தது இரண்டு நாள் தாங்காது, காய்வெட்டாக, அதாவது இன்னும் கனியாமல் உள்ள சீப்பைக் கேளுங்கள். ஏத்தன் (நேந்திரன் வாழை) சிப்ஸ் வாங்கினால் எந்த எண்ணெய் என்று கேட்டு, தேங்காய் எண்ணெயில் பொரித்ததையே வாங்குங்கள். முந்திரிக்கொத்து என்ற பாசிப்பயறு இனிப்பு பல நாள் கெடாது.

சிப்பி மாலை, சங்கு கடைகளில் பவளப்பாறைத் துண்டு என்று ஏதாவது காட்டினால் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.