சாது மிரண்டே ஆக வேண்டுமா?

கேள்வி: வேல்ஸ் கால்பந்து வீரர் ஜான் சார்லஸ் வாழ்நாளில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் 1958 உலகக் கோப்பையில் எதிரணியினர் அவரை மிதித்து முடக்கிவிட்டார்களே? திருப்பிக் கொடுத்திருந்தால் வேல்ஸ் இன்னும் முன்னேறியிருக்கும். இவ்வளவு சாதுவானவரை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்பது?
– ஒரு வாசகர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். அட்டை காட்டும் வழக்கமே 1970 உலகக் கோப்பையில்தான் வந்தது. அதற்கு முன் நடுவர் கூப்பிட்டு எச்சரிப்பார், பெயரைக் குறித்துக்கொள்வார், அதற்கும் அடங்காவிட்டால் வெளியே அனுப்புவார். சார்லஸுக்கு இதில் எதுவும் நடந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹங்கேரி ஆட்டக்காரர்கள் அவர் காலைப் பதம் பார்த்தார்கள். உங்கள் கோபமோ அடிபட்டவர் மேல் பாய்கிறது. இது என்ன நியாயம்?

அவருக்குப் பலம் இல்லையா? ஆறடி இரண்டு அங்குலம் உயரம், அதற்கேற்ற உடம்பு. 1931-ல் ஸ்வான்ஸியில் பிறந்தவர், பதினேழு வயதிலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பின் முதல் அணிக்கு வந்துவிட்டார். தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றவரை முன்னால் அனுப்பினார்கள்; 1953-54 லீக்கில் 42 கோல் போட்டார். லீட்ஸில் ஒரே சீசனில் அத்தனை லீக் கோல் வேறு யாரும் இன்றுவரை போட்டதில்லை. உலகத் தரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரரும் ஒரு கோலடிப்பவரும் ஒரே ஆளுக்குள் இருந்தது கால்பந்தில் மிக அபூர்வம்.

1957-ல் இத்தாலியின் யுவென்டஸ் கிளப் அவரை 65,000 பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. தடுப்பாட்டத்துக்குப் பேர்போன இத்தாலிய லீக்கில், சட்டையைப் பிடித்து இழுப்பதும் கணுக்காலில் உதைப்பதும் அன்றாடம் நடக்கும் இடத்தில், முதல் சீசனிலேயே 28 கோல். லீக்கிலேயே அதிகம் அவர்தான், பட்டமும் அவர்கள் அணிக்குத்தான். ஐந்து சீசனில் மூன்று லீக் பட்டம், இரண்டு இத்தாலியக் கோப்பை. பெரிய ஆட்டக்காரர் ஆக இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த அணியில் கோபக்காரருக்குப் பஞ்சமில்லை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓமர் சிவோரி இருந்தார். மேதை, ஆனால் முன்கோபி. ஆட்டத் தடை வாங்குவது அவருக்கு வாடிக்கை. அவர் எகிறும்போதெல்லாம் பிடித்து அடக்கியவர் சார்லஸ்தான். ஒருமுறை மைதானத்திலேயே கன்னத்தில் ஒன்று வைத்து நிதானத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஓங்கத் தெரியாத கை இல்லை அது. எதிராளி மேல் ஓங்கக் கூடாது என்று வைத்திருந்தார், அவ்வளவுதான்.

யுவென்டஸின் ஊரான டூரினில் இன்னொரு கதையும் உண்டு. உள்ளூர்ப் பரம எதிரியான டொரினோவுடன் ஆட்டம். பந்துக்கு மோதும்போது சார்லஸின் முழங்கை தெரியாமல் பட்டு எதிரணித் தடுப்பாட்டக்காரர் சுருண்டு விழுகிறார். எதிரே கோல்கீப்பர் மட்டும். சார்லஸ் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, விழுந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்தார். 'சாதுவான ராட்சதன்' என்று இத்தாலியர்கள் சும்மா கூப்பிடவில்லை.

அப்புறம் அந்த 1958. இத்தாலியிலிருந்து அனுமதி கிடைப்பதில் இழுபறி. கடைசி நேரத்தில்தான் ஸ்வீடன் வந்து சேர்ந்தார். ஹங்கேரியுடன் முதல் ஆட்டம் 1-1, வேல்ஸின் கோல் அவருடையது. காலிறுதிக்குப் போவது யார் என்று முடிவு செய்ய ஜூன் 17-ல் மறுபடி அதே ஹங்கேரி. அந்த ஆட்டத்தில்தான் அவரை உதைத்து நொண்ட வைத்தார்கள். ஆனால் ஜெயித்தது யார்? வேல்ஸ், 2-1. திருப்பி உதைக்காமலேயே ஜெயித்தார்கள். அவர் கோபத்தில் ஒரு உதை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தால், அந்த வெற்றியும் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து பிரேசில். சார்லஸ் ஆட முடியவில்லை. பதினேழு வயது பெலே போட்ட ஒற்றைக் கோலில் வேல்ஸ் தோற்றது. பெலேயின் முதல் உலகக் கோப்பை கோல் அது. அதே பிரேசில் அடுத்து பிரான்ஸுக்கு ஐந்து, இறுதியாட்டத்தில் ஸ்வீடனுக்கு ஐந்து போட்டது. வேல்ஸுக்கு ஒன்றுதான். சார்லஸ் இருந்திருந்தால் கதையே வேறு என்று பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபி சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த உலகக் கோப்பைக்கு வேல்ஸ் 2022 வரை, 64 வருஷம் காத்திருந்தது. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதற்குப் பொறுப்பு உதைத்தவர்களுடையது.

சாதுவை யார் மதிப்பார்கள் என்கிற தொனி உங்கள் கேள்வியில் இருக்கிறது. 1997-ல் யுவென்டஸின் நூற்றாண்டு வந்தபோது, அங்கே ஆடிய வெளிநாட்டவரில் தலைசிறந்தவர் யார் என்று ரசிகர்களைக் கேட்டார்கள். பிரெஞ்சு மேதை பிளாட்டினி ஆடிய கிளப் அது. ரசிகர்கள் சொன்ன பெயர் ஜான் சார்லஸ். 2004 ஜனவரியில் இத்தாலி போன இடத்தில் அவர் உடல்நிலை மோசமாகி, பாதத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது. ஊர் திரும்ப விமானம் ஏற்பாடு செய்தது யுவென்டஸ்தான், அவர் அந்தக் கிளப்பை விட்டு 42 வருஷம் ஆன பிறகும். பிப்ரவரி 21-ல் காலமானார். லீட்ஸின் எல்லண்ட் ரோடு மைதானத்தில் மேற்கு கேலரிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.